நோட்டீஸ் ஒட்டினால் போதுமா?

சென்ற மாதம் ஒரு காரியமாகச் சமயநல்லூருக்குப் போயிருந்தேன். மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம்தான். திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சுவரில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. "இலவசக் கண் சிகிச்சை முகாம், ஞாயிற்றுக்கிழமை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழேயே ஒரு பாட்டி, கீரைக் கட்டுகளைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை!

"முகாமுக்குப் போகவில்லையா, பாட்டி?" என்று கேட்டேன்.

"மைக்கு வச்சுச் சொல்லிட்டுத்தான் போனாங்க, தாயீ. கத்தியை வச்சு, இருக்கிற வெளிச்சமும் போயிருச்சுன்னா? பேரப்புள்ளையை யாரு பாக்குறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நோட்டீஸில் தேதி இருந்தது, இடம் இருந்தது. பாட்டியின் இரண்டு கேள்விக்கும் பதில் மட்டும் இல்லை!

இது ஒரு பாட்டியின் கதை என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம்கள் நடந்தன. ஏழைகளுக்கு ஆபரேஷன் இலவசம். இருந்தும், தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி என்ன சொல்லிற்று தெரியுமா? கண் கோளாறு உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்தானாம்! மற்றவர்களைத் தடுத்தவை பயமும் செலவும். பெண்களுக்குக் கூடுதலாக வீட்டுப் பொறுப்பு.

இலவசத்துக்கு ஏது செலவு என்கிறீர்களா? பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் அன்றையக் கூலி, இவையெல்லாம் யார் கணக்கு?

பரிகாரமும் இல்லாமல் இல்லை. 1991-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், கிராமத்தாருக்குப் பல விதமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நன்றாகப் பலித்தது எது? ஏற்கனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதும், நோயாளியின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டதும்தான்.

சமயநல்லூரில் அதை என் கண்ணாலேயே கண்டேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாள் குறுக்கிட்டாள். "நான் பண்ணிக்கிட்டு வரலையா, மதினி? இப்ப ஊசியிலே நூல் கோக்குறேன். பேரனை எம் மக பாத்துக்குவா. ஞாயித்துக்கிழமை நானே கூட வர்றேன்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வர்றதுன்னா சரி" என்றாள்.

மைக்கும் நோட்டீஸும் செய்யாததை ஒரு வார்த்தை செய்துவிட்டது!

மாதர் சங்கங்களிலும் தரும ஸ்தாபனங்களிலும் பாடுபடும் சகோதரிகளே, அடுத்த நோட்டீஸ் அடிக்குமுன் யோசியுங்கள். கூட யார் வருவார்கள், சாப்பாடு உண்டா, எப்போது திரும்பலாம், குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதையும் போடுங்கள். குணமடைந்த ஒருவரை முன்னால் அனுப்புங்கள். நன்கொடை தருகிறவர்களிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மருந்துக்குத் தருவது போலவே பஸ் கட்டணத்துக்கும் தாருங்கள் என்று.

சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் வயதான அம்மாள் சமீபகாலமாக அழுக்கை விட்டுவிடுகிறாரா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் வேலையிலிருந்து விடுவித்து, நீங்களே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அன்றையச் சம்பளத்தைப் பிடிக்காமல்!