லொறியில் பேர் இல்லை, தண்டம் சாரதிக்கா?



மலையில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். பிந்தி வந்தால் அன்றைக்குப் பேரே இல்லை. நிறுவையடியில் நம் கொழுந்தை அரைக் கிலோ வரை கழித்துப் பார்க்கும் கண்கள், அந்தக் கொழுந்தை ஏற்றும் லொறியை மட்டும் பார்ப்பதில்லை. பின்னால் இலக்கத் தகடு இல்லை. பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய உரிமையாளர் பெயர், விலாசம், வெறும் எடை, ஏற்றக்கூடிய எடை எல்லாம் சேற்றிலும் துருவிலும் அழிந்து போயிருக்கின்றன.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்தது இது. கொழுந்து லொறியின் பின் தகடு விழுந்து இரண்டு மாதம். சாரதி மூன்று தடவை ஆபிசில் சொன்னார். "பார்ப்போம்" என்பதே பதில். பிறகு ஒருநாள் ரவுண் சந்தியில் பொலிஸ் மறித்தது. தண்டச் சீட்டு சாரதியின் பேரில். அவருடைய லைசன் பொலிஸின் கையில். ஆபிஸ் சொன்னது: "வண்டியை ஓட்டினது நீ, கட்டுறதும் நீ." தபாலகத்தில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனை மீட்க இன்னொரு நாள் வேலையும் போனது.

2018இல் நடைமுறைக்கு வந்த 33 குற்றங்களின் தண்டப் பட்டியலில் முதலாவதே அடையாளத் தகடுதான். தண்டம் 1000 ரூபா. 14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு. அதற்கும் கட்டாவிட்டால் நீதிமன்றம். 1000 ரூபா நாள் சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம்! 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் வந்த 1350 ரூபாவோடு ஒப்பிட்டாலும், இந்தத் தண்டம் ஒரு நாள் உழைப்பில் முக்கால் பங்கு.

தண்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தகடும் எழுத்தும் நமக்குத்தான் முதலில் தேவை. அதே லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் நம் பெண்கள் ஏறிப் போகிறார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நம் பிள்ளைகள் நடக்கும் பாதையில்தான் அது வளைவு திரும்புகிறது. ஏதாவது நடந்துவிட்டால் தோட்டம் "கொந்தராத்துக்காரர் வண்டி" என்னும். கொந்தராத்துக்காரர் "தோட்டத்து வேலை" என்பார். 1934ஆம் ஆண்டிலிருந்து நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பேரும் இலக்கமும் இல்லாத வண்டிக்குப் பின்னால் யாரைத் தேடிப் போவது? எடை எழுதியிருந்தால்தானே அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள் என்று நாமும் கேட்க முடியும்?

"வண்டியை எடுக்குமுன் சாரதி பார்க்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். பார்த்தார், சொன்னார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? இலக்கத் தகடு கடையில் வாங்கி மாட்டும் சாமான் அல்ல. பதிவு பெற்ற உரிமையாளர்தான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். எடுக்க மாட்டேன் என்றால் "வேறு ஆள் இருக்கிறான்" என்கிறார்கள். செய்ய வேண்டியவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர் என்றால் தகடு எந்தக் காலத்தில் வரும்?

ஆகவே சாரதித் தோழர்களே, குறையை இனி வாயால் சொல்லாதீர்கள். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதி ஆபிசுக்கு, ஒரு பிரதி தோட்டத் தலைவருக்கு. எழுதத் தயக்கமென்றால் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

தண்டக் காசைச் சம்பளத்தில் கழிக்க இடம் கொடுக்காதீர்கள். சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைக்கூட உங்கள் சம்மதத்துடன்தான் கழிக்கலாம். வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

தகடில்லாத வண்டியைப் பெருந்தெருவில் எடுக்க மறுக்கும் சாரதியைத் தனியே விடாமல், மலையிலிருப்பவர்களும் அவர் பக்கம் நிற்க வேண்டும். அவர் காப்பாற்றுவது நம் உயிரையும்தான்.

நிர்வாகத்திடமும் அரசிடமும் நம் கோரிக்கை ஒன்றே. வண்டியின் குறைக்கான தண்டத்தை வண்டியின் உரிமையாளர் கட்டட்டும். சீட்டும் அவர் பேரிலேயே எழுதப்படட்டும்.

செக்ரோலில் நம் பேரை அரையாக எழுதத் தெரிந்தவர்களே, முதலில் உங்கள் பேரை லொறியில் முழுதாக எழுதுங்கள்!