நெட்டு வந்துச்சு, போன் சத்தம் எங்கே போச்சு?

வீட்டுக்கு பிராட்பேண்ட் போட்ட நாளிலிருந்து லேண்ட்லைனில் "கொர்ர்ர்" என்று இரைச்சலா? எதிர்முனையில் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் (அதுவும் அந்த இரைச்சல் போனிலேயே போட வேண்டியிருக்கு, கொடுமை!) "மோடத்தை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார்களா? வாங்க, நீங்களும் நம்ம ஜாதிதான்.

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். நெட் இணைப்பு கொடுத்த பிறகு போன் சத்தம் கெட்டால், சரி பண்ண வேண்டியது இணைப்பு கொடுத்தவர்கள். போனை எடுத்துப் பேசிப் பார்க்காமல் "வேலை முடிஞ்சது, கையெழுத்துப் போடுங்க" என்பது, பந்தியில் சாம்பார் ஊத்தாமலே இலையை எடுக்கச் சொல்வது மாதிரி.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' கொண்டு வந்தபோது, பழைய செம்புக் கம்பியிலேயே போனும் நெட்டும் சேர்ந்து ஓடின. சூட்சுமம் எளிது. மனுசக் குரலுக்குப் போன் ஒதுக்குவது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. ஏடிஎஸ்எல் நெட் அதுக்கு ரொம்ப மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1100 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும். ஒரே ரோட்டில் கீழே சைக்கிள், மேலே மேம்பாலத்தில் பஸ். நடுவில் ஒரு தடுப்பு வேண்டாமா? அதுதான் ஸ்பிளிட்டர் என்கிற குட்டி டப்பா. அது இல்லாவிட்டால் மேம்பாலத்து இரைச்சல் உங்கள் காதுக்கே வரும். போனை எடுத்தால் நெட்டும் அறுந்து போகும்.

ஹாலில் ஒரு போனுக்கு ஸ்பிளிட்டர் மாட்டிவிட்டு, மாடி ரூமில் இருக்கிற பேரலல் போனை விட்டுவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த ஒரு போன் மொத்த லைனையும் கெடுக்கும். வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் ஒண்ணு விடாமல் தடுப்பு வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஆனால் சொல்ல மாட்டார்கள்.

"அதெல்லாம் பழைய கதை, இப்பதான் ஃபைபர் வந்துடுச்சே" என்பீர்கள். எங்க வீட்டுக்கும் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். கண்ணாடி இழையில் மின் இரைச்சல் புகவே முடியாது என்பது உண்மைதான். ஆனால் இழை சுவரில் இருக்கிற பெட்டியோடு முடிந்து போகிறது. அங்கிருந்து போன் வரைக்கும் அதே பழைய கம்பிதான். வந்த அண்ணன் பெட்டியின் போன் துளையிலிருந்து வீட்டின் பழைய வயரிங்கில் இணைப்பைக் கொடுத்துவிட்டு, கம்பத்திலிருந்து வருகிற செத்துப்போன செம்புக் கம்பியைத் துண்டிக்காமலே போய்விட்டார். மழையில் நனைந்து துருவேறித் தொங்குகிற அந்தக் கம்பி ஏரியல் மாதிரி ஊரில் உள்ள இரைச்சலை எல்லாம் உள்ளே கொண்டு வந்தது.

எங்க அப்பத்தாவுக்கு டச் போன் ஒத்துவராது. விரல் காய்ந்து போச்சு, தொட்டால் திரைக்குத் தெரியாது. பெரிய பட்டன் வைத்த லேண்ட்லைன்தான் அவங்களுக்கு உலகம். தினமும் சாயங்காலம் தங்கச்சியோடு பேசுவாங்க. மூணு வாரம் "கேக்கலடி, கேக்கலடி" என்று கத்திக் கத்தி, கடைசியில் "எனக்குக் காது போச்சு போல" என்று பேசுவதையே விட்டுட்டாங்க. புகார் சொன்னால் வந்த பதில்: "மொபைல்ல பேசச் சொல்லுங்க சார்." எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். கம்பியில் இருந்த கோளாறை ஒரு வயசான மனுஷி தன் காதில் இருப்பதாக நம்பிட்டாங்களே, அந்தக் கணக்கை எந்தப் பில்லில் எழுதுவது?

கண்டுபிடித்தது எப்படி? போனை எடுத்து நேரே பெட்டியிலேயே சொருகினேன். கண்ணாடி மாதிரி தெளிவு. அப்போ குற்றவாளி வயரிங். பழைய கம்பியைத் துண்டித்ததும் இரைச்சல் போச்சு. மொத்தம் பத்து நிமிஷ வேலை.

இன்னொரு சால்ஜாப்பும் உண்டு. குரல் வெட்டி வெட்டி வந்தால் "ஸ்பீடு பத்தலை, பெரிய பிளானுக்கு மாறுங்க" என்பார்கள். காமர்ஸ் படிக்கிறவன்கிட்டேயா கணக்குக் காட்டுவது? சாதாரணக் குரலுக்கு வேண்டியது 64 கேபிபிஎஸ். மேல்செலவு எல்லாம் சேர்த்தால் 90 பக்கம். நீங்கள் வாங்கியிருப்பது 100 எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லைங்க, நெட் வேகம்). ஆயிரத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில். யாரோ பெரிய வீடியோவை மேலே ஏற்றும்போது, குரல் ரேஷன் கடைக் கூட்டத்தில் மாட்டின மாதிரி பின்னால் நிற்கும். குரலை முன்னால் விடுகிற ஏற்பாட்டைச் செய்து கொடுக்க வேண்டியது சேவை தருபவர். அதுக்கு ஏன் நான் பெரிய பிளான் வாங்கணும்?

ஏன் இப்படி நடக்குது? விளம்பரத்தில் நெட் வேகத்துக்கு நம்பர் இருக்கு. குரல் தெளிவுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாத சரக்கு கெட்டாலும் விற்றவனுக்கு நஷ்டம் தெரியாது. நஷ்டம் முழுக்க வாங்கினவன் தலையில். வீட்டுக்கு வருகிற அண்ணனைத் திட்டி லாபமில்லை. ஸ்பீடு டெஸ்ட் படம் அனுப்பினால் போதும் என்று அவரை ஓட விடுகிற மேலிடத்தைத்தான் கேட்கணும்.

சரி, நீங்க செய்ய வேண்டியது:

1. மோடத்தின் இணைப்பை எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்க (செம்புக் கம்பி என்றால் மட்டும்). இரைச்சல் நின்றால் ஸ்பிளிட்டர் கோளாறு. நிற்கவில்லை என்றால் கம்பியோ போனோ.
2. எல்லாப் போனையும் கழற்றி, ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. எதை மாட்டும்போது இரைச்சல் வருதோ அதுதான் ஆள்.
3. ஃபைபர் என்றால் ஒயர் உள்ள போனை நேரே பெட்டியில் சொருகிப் பாருங்க. கார்ட்லெஸ் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் என்றால் வைஃபையோடு சண்டை போடும். பெட்டியை விட்டுத் தள்ளி வையுங்க.
4. புகார் கொடுத்தால் புகார் எண் வாங்காமல் விடாதீங்க. டிராயின் 2012 விதிகளின்படி அது உங்கள் உரிமை. பதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நுகர்வோர் நீதிமன்றமும் போகலாம். உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அதைத் தெளிவாகவே சொல்லியாச்சு.

எல்லாத்துக்கும் மேலே, அந்தக் கையெழுத்து. ஸ்பீடு டெஸ்ட் காட்டியதும் போட்டுடாதீங்க. "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, வீட்டிலேயே வயசானவர் கையில் ரிசீவரைக் கொடுங்க. அவங்க யாரையாவது கூப்பிட்டுப் பேசட்டும். "நல்லா கேக்குது" என்று அவங்க சொன்ன பிறகு பேனாவைத் திறங்க.