சைலன்சர் மாத்தப் போறீங்களா? பில் தொகையை மட்டும் பார்க்காதீங்க!

போனஸ் கைக்கு வந்ததும் பைக் வச்சிருக்கிற நம்ம பசங்க கேட்குற முதல் கேள்வி: "ப்ரோ, ஹிமாலயன் 450-க்கு எந்த எக்ஸாஸ்ட் போடலாம்?" நம்ம சேனல் பணத்தைப் பத்தினது. அதனால சத்தத்தை ஓரமா வச்சுட்டு கணக்கைப் பார்ப்போம்.

கடையில ரெண்டு வகை இருக்கு. ஸ்லிப்-ஆன்னா பின்னாடி இருக்கிற சைலன்சரை மட்டும் மாத்துவாங்க. ஃபுல் சிஸ்டம்னா இன்ஜின்ல இருந்து வர்ற பைப்பையும் சேர்த்து மாத்துவாங்க. இதுல பெரும்பாலும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போயிடும். பிஎஸ்6 வண்டியில எவ்வளவு பெட்ரோல் போகணும்னு முடிவு பண்றது இசியு. அதையும் ரீமேப் பண்ணணும், அது தனிச் செலவு.

இனி பில்லுல வராத செலவுகள்.

முதல்ல சட்டம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4) படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினா பிரிவு 190(2). முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், 3 மாசம் லைசென்ஸும் போகும். தினமும் பைக்ல ஆபீஸ் போறவங்க அந்த 3 மாச ஆட்டோ செலவையும் இதுல கூட்டிக்கோங்க. டூர் போறப்போ எத்தனை செக்போஸ்ட் தாண்டுறோம்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்து வாரண்டியும் இன்ஷூரன்ஸும். இன்ஜின்ல கோளாறு வந்தா, மாத்தின பாகத்தைக் காரணம் காட்டி கை விரிக்க வழி கிடைச்சிடும். சொல்லாம செஞ்ச மாற்றத்தால க்ளெய்ம்லயும் சிக்கல் வரலாம்.

"வெயிட் குறையுமே ப்ரோ?" குறையும், சில கிலோ. ஆனா ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டி 20 கிலோ சாமான் ஏத்தின பிறகு அது தெரியவே தெரியாது. கடை வாசல்ல கெத்தா இருக்கிற சத்தம், ஹைவேயில ஒரே வேகத்துல 8 மணி நேரம் போறப்போ தலைவலியாத்தான் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். செலவு 25,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 30 கிலோமீட்டர்னா, அந்தக் காசுல 7,500 கிலோமீட்டர் ஓட்டலாம். சென்னையில இருந்து கன்னியாகுமரிக்கு அஞ்சு தடவை போய்ட்டு வரலாம்! டூரிங் பைக் வாங்கினதே அதுக்குத்தானே?

என் கருத்து: கம்பெனி சைலன்சரே போதும். அந்தக் காசை நல்ல டயர், ரைடிங் ஜாக்கெட், பயணம்னு செலவு பண்ணுங்க.

இல்ல, வாங்கியே தீருவேன்னா இந்த நாலையும் பாருங்க:

1. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாத ஸ்லிப்-ஆனா இருக்கட்டும். டிபி கில்லரைக் கழட்டாதீங்க. 175 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபல்தான் வரம்பு.
2. சைடு பெட்டி இடிக்குதான்னு மாட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க.
3. பழைய சைலன்சரை விக்காதீங்க. வண்டியை விக்கும்போது வாங்குறவர் அதைத்தான் கேட்பார்.
4. இஎம்ஐ, கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க.

ஸ்லிப்-ஆன் போட்டாலும் மேலே சொன்ன சட்டச் சிக்கல் முழுசா போயிடாது. வாங்குற காசு கையில இருக்கு, சரி. அபராதத்துக்கும் சேர்த்து எடுத்து வச்சிருக்கீங்களா? யோசிச்சு முடிவு பண்ணுங்க நண்பர்களே!