வாசலில் காத்திருக்கும் இருதயங்கள்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 18:24–33



போர்க்களத்திலிருந்து செய்தி வரும் நாளில் தாவீது ராஜா அரியணையில் இல்லை. நகர வாசலில் அமர்ந்திருக்கிறார். ஓடிவந்த இருவருமே வெற்றியை அறிவிக்கிறார்கள். அவரோ இருவரிடமும் மகனைப் பற்றியே கேட்கிறார். நாட்டுக்கு அது யுத்தச் செய்தி; தகப்பனுக்கு அது பிள்ளையின் உயிர்.

2019 பிப்ரவரி 27 அன்று நம் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் அந்த வாசலில் நின்றது. திருப்பணமூரைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மிக் 21 விமானம் வீழ்ந்து, அவர் பாகிஸ்தானில் சிறைப்பட்டார். தந்தை சிம்மக்குட்டி வர்த்தமான் ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல். சிறைப்பட்ட விமானியின் கதையைச் சொல்லும் 'காற்று வெளியிடை' திரைப்படத்துக்கு ஆலோசனை வழங்கியவரும் அவரே. ஆயினும் எந்த அனுபவமும் ஒரு தகப்பனை அந்த இரவுக்கு ஆயத்தப்படுத்தியிருக்க முடியாது. மார்ச் 1 இரவு மகன் வாகா எல்லையைக் கடந்தபோது தேசமே மகிழ்ந்தது. சமண மரபில் வந்த அக்குடும்பத்துக்காக நம் ஆலயங்களிலும் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது நல்ல காரியமே.

ஆனால் திரும்பிவந்தவரைக் கொண்டாடிய நாம், திரும்பிவராதவர்களின் வீடுகளை நினைக்கிறோமா? போர் விமானி விஜய் வசந்த் தாம்பே 1971 டிசம்பரில் பாகிஸ்தான்மீது பறந்து சென்றவர், திரும்பவில்லை. 'காணாமற்போன 54 பேர்' என்று அறியப்படுவோரில் அவரும் ஒருவர். மணமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத அவருடைய மனைவி தமயந்தி, தேசிய அளவில் புகழ்பெற்ற இறகுப்பந்து வீராங்கனை. 2007இல் பாகிஸ்தான் சிறைகளில் தேடச் சென்ற உறவினர் குழுவில் அவரும் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஓயாத தேடல் அது!

மரணச் செய்திக்குக் கண்ணீர் உண்டு. வருகைக்கு ஆரவாரம் உண்டு. செய்தியே வராத வீட்டுக்கு என்ன உண்டு? அங்கே சபை இருக்கவேண்டும் என்பது என் துணிபு. ஊடகம் மறந்த பின்னும் நினைவுகூர்வதே பரிந்துரை ஜெபத்தின் பணி.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி இதை அறிவார். பாத்தியில் உவர்நீரைத் தேக்கி, வெயிலை நம்பி நாள்களை எண்ணுகிறார். எதிர்பாரா மழையொன்று பெய்தால் விளைந்த உப்பு கரைந்துபோகும். மறுபடியும் அதே பாத்தியில் நீர் பாய்ச்சுகிறார். இக்கரையின் மீனவப் பெண்களும், புயல் நாளில் திரும்பாத படகுக்காகக் கரையில் நிற்பதன் பாரத்தை அறிவார்கள். காத்திருக்கும் வீட்டாரின் வேதனையைப் புரிந்துகொள்ள நம் மக்களுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

1965 போரில் ஜெனரல் கரியப்பாவின் மகன், விமானி நந்தா கரியப்பா சிறைப்பட்டார். தந்தையிடம் முன்பு பணியாற்றிய அயூப் கானே அப்போது பாகிஸ்தானின் அதிபர். மகனுக்குத் தனிச் சலுகை வழங்க அவர் முன்வந்தபோது கரியப்பா மறுத்தார். சிறைப்பட்ட வீரர் அனைவரையும் தம் பிள்ளைகளாகவே எண்ணினார். தகப்பனின் அன்பு அங்கே தன் வீட்டு வாசலைக் கடந்தது. சத்துருக்களுக்காகவும் ஜெபிக்கும்படி நம் ஆண்டவர் கற்பித்ததோ அதையும் கடந்தது. எல்லைக்கு அப்பாலும் ஒரு தாய் வாசலில் நிற்கிறாள். அவளை நீக்கிவிட்டு நாம் செய்யும் ஜெபம் குறைவுள்ளதே.

ஆகவே இந்த ஞாயிறு முதல், படையில் பணிபுரிவோருக்கான ஜெபத்தோடு, காணாமற்போனோரின் குடும்பங்களையும் எதிர்த்தரப்பு வீடுகளையும் சேர்த்துக்கொள்வோம். படையில் பிள்ளையுள்ள வீடு உங்கள் தெருவில் இருக்குமானால், போர்ச் செய்தி வரும்வரை காத்திராமல் இவ்வாரமே சென்று நலம் விசாரியுங்கள்.

ஜெபம்: காத்திருப்போரின் தேவனே, செய்தி வராத வீடுகளில் நீர் தங்கியிரும். எங்கள் நினைவு மங்காதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.