மஞ்சள் வேறு, மருந்து வேறு

கர்நாடகத்தின் ஹனூர் வட்டாரத்தில் விளையும் மஞ்சள் பர்கூர் மலைப்பாதை இறங்கி ஈரோட்டுச் சந்தைக்கு வருகிறது. பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போன ஊர் ஹனூர். ஈரோட்டு வியாபாரிகளுக்கு அந்தச் சரக்கு இன்றும் 'மைசூர் மஞ்சள்'தான். சமையலுக்குப் பொடியாகப் போனால் அதற்கு ஒரு விலை. அதிலுள்ள குர்க்குமினைப் பிரித்துக் குப்பியில் அடைத்து, 'புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்' என்று விற்றால் பல மடங்கு விலை. அந்த இரண்டாவது விலையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு நம் உடம்பிலேயே இருக்கிறது. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று விஞ்ஞானிகள் அதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். புற்றுச் செல் இந்த ஏற்பாட்டை முடக்கிவிட்டுப் பெருகுகிறது. முடங்கியதை மறுபடி இயக்கிவிடும் பொருள்கள் செடிகளில் இருக்கின்றன என்பது கட்டுக்கதையே அல்ல.

நம் வீட்டு வாசலிலேயே அதற்குச் சாட்சி உண்டு. நித்திய கல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கவே தயங்கும் செடி. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் அதை மருந்துக்காகப் பயிரிடுகிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இதன் இலையை ஆராய்ந்தது நீரிழிவுக்கு மருந்து தேடி. சர்க்கரை குறையவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு இது உதவுமே என்று அவர்கள் யோசித்ததுதான் திருப்பம். 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது. தொடர்ந்து அமெரிக்க நிறுவனமான எலி லில்லி வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும் இழைகள் உருவாகாமல் இவை தடுக்கின்றன. பாதியில் நின்றுபோன செல் தானே மடிகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் தவிர்க்க முடியாத மருந்து.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். கொடுக்கும் அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்து. சரியாகக் கொடுத்தாலும் கைகால் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும். இலையை அரைத்துக் குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால், அவர் விஷத்தைப் பரிந்துரைக்கிறார் என்று பொருள். இயற்கையானது என்பதால் எதுவும் சாதுவாகிவிடாது.

மஞ்சளின் கதை இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. 1985இல் திருச்சூர் அமலா மருத்துவமனையில் ராமதாசன் குட்டன் குழுவினர் மஞ்சளின் புற்று எதிர்ப்புத் தன்மை பற்றி எழுதினார்கள். பிறகு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள். குர்க்குமினுக்குப் பெரும் புகழ் சேர்த்த அமெரிக்க ஆய்வாளர் பரத் அகர்வாலின் கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு என்று பின்னர் திரும்பப் பெறப்பட்டன. 2017இல் வெளிவந்த ஒரு விரிவான மதிப்பீடு, அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளைக் குறிப்பிட்டு, முறையாக நடத்தப்பட்ட ஒன்றில்கூடக் குர்க்குமின் வெற்றி பெறவில்லை என்றது. காரணம் புரியாததல்ல. கண்ணாடித் தட்டில் செல்லின் மேல் நேரடியாகக் கொட்டுகிற அளவு, வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதே இல்லை. குர்க்குமின் சீக்கிரம் சிதைகிறது. அதன் ஒளிரும் மஞ்சள் நிறமே சில சோதனைக் கருவிகளை ஏமாற்றுகிறது. தட்டில் இருக்கும் புற்றுச் செல்லைப் பல பொருள்கள் கொல்லும், பினாயில் உட்பட!

சமையலில் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரை வேறு சங்கதி. 2019இல் இத்தாலியில் அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அதைவிடப் பெரிய கேடு, மாத்திரையே போதும் என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரியை விட்டுவிடுவது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்குச் சாவின் அபாயம் 2.5 மடங்கு என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டார்கள்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1954 முதல் இருக்கிறது. ஆனாலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வியாபாரம் தடையின்றி நடக்கிறது. அந்தச் சட்டத்தைத் தூசு தட்டி எடுப்பது கர்நாடகம், தமிழகம் இரண்டு மாநில அதிகாரிகளின் வேலை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது புற்றுநோய் சிகிச்சையில் இருந்து, மஞ்சள் மாத்திரையோ வேறு மூலிகையோ எடுத்துக்கொண்டால், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது குப்பியையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.