சமையல் மேடைக்கு எது அழகு?

போன மாதம் ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா கழுத்து வலிக்காக வந்திருந்தார்கள். நாடி பார்த்து, தைலம் எழுதிக் கொடுத்தேன். எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், புதுசா சமையல் மேடை போடப்போறோம். பையன் வெள்ளை குவார்ட்ஸ்தான் இப்ப ஃபேஷன்கிறான். வீட்டுக்காரர் கிரானைட் போதும்கிறார். எது போட்டா இருபது வருஷம் ஆனாலும் பழசாத் தெரியாது?"

வைத்தியனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், கல்லோடு எங்களுக்கும் உறவு உண்டு. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் கல்வத்தில் அரைத்து அரைத்தே எங்கள் கை காய்த்துப்போனது. எலுமிச்சைச் சாறு விட்டு அரைக்கிற மருந்துக்குக் கரையாத கல்தான் வேண்டும். இல்லாவிட்டால் மருந்தோடு கல்லும் சேர்ந்துவிடும்.

சமையலறைக்கும் அதே கணக்குதான். புளி, எலுமிச்சை, தக்காளி படாத நாள் நம் வீட்டில் உண்டா? கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்ட இடம் மங்கிப்போகும். கருங்கல்லை அது ஒன்றும் செய்யாது. கடையில் மாதிரித் துண்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கறை விழாத கல்லை வாங்குங்கள்.

அடுத்து நிறம். "புள்ளி போட்ட கல்லு வாங்குங்க, அழுக்கே தெரியாது" என்பார் கடைக்காரர். நான் அதைத்தான் வேண்டாம் என்பேன்! சென்னைத் துறைமுகத்தில் 2011-ல் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை ராயபுரம் வீடுகளில் கரித்தூசு படிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் இன்றைக்கும் ஜன்னல் வழியே வருகின்றன. தூசு கண்ணுக்குத் தெரிந்தால்தானே துடைப்போம்? காசிமேட்டு மீனை நறுக்கிய இடத்தில் ஒட்டிய செதிலும் தெரிய வேண்டும். ஒரே நிறக் கல்லே நல்லது. அது ஃபேஷன் மாறினாலும் கண்ணை உறுத்தாது.

மூன்றாவது, உயரம். அந்த அம்மா ஐந்தடிக்கும் குறைவு. வீட்டு மேடையோ மூன்றடி! இத்தனை வருஷமாகத் தோளைத் தூக்கியே காய் நறுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். கொத்தனார் வழக்கமாகப் போடும் அளவு உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி, முக்கியமான விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் இருமலோடு ஒரு தம்பி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு மாதம் ஆடாதோடை மணப்பாகு கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. அது என் தவறு. பிறகு ஒருநாள் தலைமுடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்க வந்து உட்கார்ந்தார். "கல்லு கட்டிங் வேலைங்க ஐயா" என்றார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். சிலிகோசிஸ்!

கல்லை மெஷினில் உலர்வாக அறுக்கும்போது பறக்கிற நுண்ணிய சிலிக்கா தூள் நுரையீரலில் தழும்பாகிவிடும். காசநோயும் எளிதில் பற்றும். அந்தத் தழும்பை ஆற்ற அலோபதியிலும் மருந்து இல்லை, எங்கள் சித்தத்திலும் இல்லை. இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கருங்கிரானைட் என்று விற்கிற கல்லில் அதைவிட மிகக் குறைவு. குவார்ட்ஸ் பலகை என்பதோ கல்தூளைப் பிசினில் இறுக்கியது. பல வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிக்காதான். பொருத்திய பிறகு சமைப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆபத்தெல்லாம் அறுக்கிறவருக்குத்தான். அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு ஃபேஷன் என்று மேடையை உடைத்து மாற்றினால், ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பிள்ளை அந்தத் தூளைச் சுவாசிக்கிறான். ஒருமுறை போடுவோம், யோசித்துப் போடுவோம். சிங்க் துளை உள்பட எல்லாவற்றையும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வரச் சொல்லுங்கள். வீட்டில் ஓரம் தேய்ப்பதானாலும் தண்ணீர் விட்டே தேய்க்கட்டும். முகத்தில் கைக்குட்டை போதாது, நல்ல முகக்கவசம் வேண்டும். மிச்சத் தூளைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: "கருங்கல்லே போடுங்கம்மா. உங்க உயரத்துக்கு, தண்ணி விட்டு அறுத்த கல்லு."

அவர்கள் கேட்ட இருபது வருஷத்தையும் அந்தக் கல் தாங்கும். அதை அறுத்த பிள்ளையும் இருபது வருஷம் கழித்து மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற வேண்டும், இல்லையா?