மலையேறாத சிவப்பு வண்டி

தீயணைக்கும் வண்டியைக் கண்டால் ஒதுங்கி நின்று பார்க்காத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கணகணவென்று மணி அடித்துக்கொண்டு அது ஓடிய காலம் போய், இன்று ஸைரன் அலறுகிறது. ஆனால் நாம் மாறவில்லை. ஒதுங்கி நிற்கிறோம், "யார் வீடோ, பாவம்!" என்கிறோம், பிறகு நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். எங்கேயோ எரிகிறது, யாரோ போகிறார்கள், அணைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை நமக்கு. அந்த நம்பிக்கை இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான சொத்து அல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது வருசநாட்டில்.

தேனியிலிருந்து கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று மூல வைகையை ஒட்டித் தெற்கே போனால் வருசநாடு வரும். அதற்கும் அப்பால் வாலிப்பாறை, தும்மக்குண்டு; மேலே மலையில் வெள்ளிமலை, அரசரடி, பொம்மராஜபுரம். போகப் போகப் பாதை சுருங்கும். கடைசியில் ஜீப்புதான் கதி. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகிற வைகை பிறக்கிற இடம் இது. ஆனால் பங்குனி மாதத்தில் அந்த ஆற்றில் நீங்கள் பார்க்கக்கூடியது பெரும்பாலும் மணலும் பாறையும்தான்.

அப்படி ஒரு பங்குனியில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஒரு நண்பருடைய உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். இலவங்காய் முற்றி வெடிக்கிற பருவம். பெண்கள் உட்கார்ந்து காயை உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். களம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பஞ்சு காய்ந்தது. நடுப்பகலில் எங்கிருந்து ஒரு பொறி வந்ததோ தெரியாது, "தீ! தீ!" என்று யாரோ கத்தினார்கள். நான் திண்ணையிலிருந்து எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தீ தாவிவிட்டது.

போன் செய்தார்கள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வெகு நேரம் கழித்துத் தூரத்தில் ஸைரன் கேட்டது. எல்லோர் முகத்திலும் ஒரு களை. ஆனால் அந்தச் சத்தம் நெருங்கி வரவே இல்லை! ஊருக்கு வெளியே ஓடை குறுக்கிடும் இடத்தில் அந்தப் பெரிய வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் வந்தால் மண்கரை சரியும். வீரர்கள் குதித்து, குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். குழாய் பாதி தூரத்துக்குத்தான் எட்டியது. அவர்களும் ஊராரோடு சேர்ந்து குடம் சுமந்தார்கள்.

இலவு காத்த கிளி என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. கரியாகிப்போன களத்தருகே ஒரு பாட்டி உட்கார்ந்துகொண்டு, "மூணு மாசக் கஞ்சிய்யா, மூணு மாசக் கஞ்சி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் இளைஞன் வீரர்களைப் பார்த்து, "சம்பளம் வாங்க மட்டும் தெரியுது!" என்று சீறினான். உண்மையைச் சொல்கிறேன், என் நாக்கின் நுனியிலும் அப்படி ஒரு வார்த்தை நின்றது. அப்போது, தலைமயிர் நரைக்கத் தொடங்கிய ஒரு தீயணைப்பு வீரர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வண்டி வந்துருச்சுங்கய்யா. பாதைதான் வரலை."

அவர் சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதி உண்மையை, பாவம், அவர் தம்முடைய இலாகாவுக்காக மறைத்துவிட்டார். பாதை வரவில்லை என்பதைவிட, அந்தப் பாதைக்கு ஏற்ற வண்டியை நாம் அவர் கையில் கொடுக்கவில்லை என்பதே சரி.

கணக்குப் பாருங்கள். நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் தண்ணீர் வண்டி 4,500 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே நாலரை டன். இரும்பையும் பம்பையும் ஆட்களையும் சேர்த்தால் பத்து டன்னுக்கு மேல் போகும். தார் ரோட்டுக்கும் நகரத்துத் தெருவுக்கும் இது தக்க வாகனம். ஓடைக்கரைக்கும் மலைச்சரிவுக்கும் அல்ல. அப்படியே ஏறிவிட்டாலும், முழு வேகத்தில் இறைத்தால் அத்தனை தண்ணீரும் சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும். மறுபடி நிரப்ப ஆற்றில் தண்ணீர் எங்கே?

இலவம் பஞ்சோ லேசில் நனையாத ஜாதி. அதன் இழையில் மெழுகுப் பூச்சு உண்டு. கப்பல்களில் உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். மேலே கொட்டுகிற தண்ணீர் வழிந்தோடிவிடும். உள்ளே கனல் கனன்றுகொண்டே இருக்கும். குவியலைக் கிளறிப் பிரித்து, நுரை கலந்த நீரையோ பனிபோன்ற நுண்ணிய தூவலையோ அடித்தால்தான் அடங்கும்.

மதுரைக்குத் திரும்பியதும், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே மூன்று பதில் சொன்னார். மூன்றும் நம் வர்க்கத்தாரின் பதில்கள். ஆகையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"இருக்கிற ஜனத்தொகைக்குத் தகுந்த வசதிதானே செய்ய முடியும்?" என்பது முதல் பதில். அதாவது, உயிருக்கும் தலைக்கணக்கு! மத்திய உள்துறையின் தீயணைப்பு ஆலோசனைக் குழுவே, கிராமப்புறமானாலும் 20 நிமிஷத்தில் உதவி போய்ச் சேர வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறது. வெள்ளிமலைப் பாதையில் இருபது நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த ஜீப்புக்காரரைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1992-இல் நம் பார்லிமெண்ட் உள்ளாட்சிகளுக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தியது. நகராட்சிகளுக்கென்று பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகள். அதில் ஏழாவது, தீயணைப்பு. ஊராட்சிகளுக்கென்று பதினோராம் அட்டவணையில் 29 பொறுப்புகள்; நூலகம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, தீயணைப்பு மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் இது மாநில அரசின் துறை. ஆகவே அட்டவணையால் நேரடி நஷ்டம் ஒன்றுமில்லை என்று வாதிக்கலாம். நான் சொல்வது சட்டத்தின் குற்றத்தை அல்ல, மனத்தின் குற்றத்தை. தீ என்றவுடன் பெரிய மனிதர்களுக்கு ஞாபகம் வருவது நகரம் மட்டுந்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"காட்டுத் தீ வனத்துறையின் வேலை" என்பது இரண்டாவது பதில். இதைச் சொன்னபோது நான் குரங்கணியை ஞாபகப்படுத்தினேன். வருசநாட்டிலிருந்து பார்த்தால் அது இதே மாவட்டத்தின் எதிர்க்கோடி. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள மலை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றத்துக்கு வந்தவர்கள், காய்ந்த புல் பற்றியெரிந்த சரிவில் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் படித்து, உத்தியோகம் பார்த்து, விடுமுறைக்கு மலை பார்க்க வந்த இளம் வயதினர். கீழிருந்து முதலில் ஏறிப்போனவர்களில் உள்ளூர் ஜனங்கள் இருந்தார்கள். வனத்துறையாரும் தீயணைப்புத் துறையாரும் கால்நடையாகத்தான் ஏறினார்கள். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அன்று அந்தச் சரிவில் எரிந்த தீ, 'இது எந்த இலாகாவின் எல்லை?' என்று விசாரித்துவிட்டா எரிந்தது? அந்த ஆண்டே மலையேறுகிறவர்களுக்கு விதிகள் வகுத்தார்கள். நல்லதுதான். நடக்கிறவனுக்கு விதி செய்தாகிவிட்டது. நெருப்புக்கு எதிராக நடப்பவனுக்கு வாகனம் எங்கே?

"முதலில் ரோடு போடட்டும்; வண்டி தானாக வரும்" என்பது மூன்றாவது பதில். கேட்பதற்கு நியாயம்போல் இருக்கும். ஆனால் 2021-இல் அந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அங்கே அகலப் பாதை சுலபத்தில் வராது. மலையை வெட்டி அகலப்படுத்த வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். காலுக்குத் தகுந்தபடி செருப்புத் தைப்பதா, செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதா?

ஜப்பானைப் பாருங்கள். அதுவும் மலைநாடு, குறுகிய சந்துகளும் மர வீடுகளும் நிறைந்த தேசம். அங்கே சின்னஞ்சிறு லாரியில் கையால் தூக்கி இறக்கும் பம்பை வைத்துத் தீயணைக்கும் வண்டியாக்கியிருக்கிறார்கள். முழுநேர வீரர்களைத் தவிர, சுமார் ஏழு லட்சம் பேர் தத்தம் ஊரில் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். விவசாயி இருக்கிறார், கடைக்காரர் இருக்கிறார். அவர்களுக்குப் படி உண்டு. காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. நுண்துளிகளாகத் தெளித்தால் கொஞ்சம் தண்ணீரும் நிறைய வெப்பத்தை விழுங்கும். இந்தத் தத்துவத்தில் இயங்கும் சிறு வண்டிகள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. சில நகரங்களில் சந்துகளுக்கென்று வைத்தும் இருக்கிறார்கள். சந்துக்குப் போகிற வண்டி மலைக்குப் போகாதா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு. அதில் சில நூறு லிட்டர் தண்ணீரும் நுண்தூவல் பம்பும். தோளில் மாட்டும் தெளிப்பான்கள். கோடையிலும் வற்றாதபடி ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊருக்குப் பத்து இளைஞர்களுக்குப் பயிற்சி, படி, இன்ஷூரன்ஸ். மாசி முதல் சித்திரை வரையிலாவது இவை வருசநாட்டு மலையடியில் தயாராக நிற்க வேண்டும்.

சென்னைக்கு, ஐம்பது மீட்டருக்கும் மேலே நீளுகிற பின்லாந்து நாட்டு ஏணி வண்டியைக் கோடிக் கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-இல் தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கடை எரிந்ததைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் மாடியில் இருப்பவனுக்கு ஏணி என்றால், மலையில் இருப்பவனுக்கு என்ன? அவனுக்கும் சர்க்கார் ஒன்றுதானே?

ஏப்ரல் 14 நமக்குப் பெரும்பாலும் சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி சாப்பிடுகிறோம். அதே நாள் நாடு முழுவதும் தீயணைப்போர் தியாக தினம். 1944-இல் அன்றுதான் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்து, தீயணைக்கப் போன அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். அந்தக் கப்பலில் வெடிமருந்தோடு ஏற்றியிருந்த சரக்கு என்ன தெரியுமா? பஞ்சு மூட்டைகள். கனன்றது பஞ்சு, போனது உயிர்கள். அந்த நாளில் நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். வருசநாட்டு மலையில் புல் காய்ந்து, களத்தில் பஞ்சு வெடித்துக் கிடப்பதும் அதே சித்திரையில்தான்.

இன்றிரவு உங்கள் தலைக்கடியில் இலவம் பஞ்சுத் தலையணை இருந்தால், அது அந்தக் களம் ஒன்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். மெத்தென்றுதான் இருக்கும். தலையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள். அப்புறம் உங்கள் சட்டசபை உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த நரைத்தலை வீரர் அடுத்த பங்குனியிலும் ஓடைக்கரையில் நின்றுகொண்டு, பாதையின்மேல் பழியைப் போட்டுத் தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்படி விடலாமா?